வீட்டுக்குள் தண்ணீர் வந்தது: தரையை ஏற்றுவதா, ஜாக்கி வைத்துத் தூக்குவதா? (ஊத்தங்கரை)

ஊத்தங்கரைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் பணத்தைப் போட்டுவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

எங்கள் வீடு ஊத்தங்கரையில், ஏரிக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும் ஒரு மனைப்பிரிவில். 2011-ல் கட்டியது, 850 சதுர அடி, தரைத்தளம் மட்டும், மேலே ஒரு தகரக் கொட்டகை. கட்டும்போது ரோட்டிலிருந்து ஒன்றரை அடிக்குப் பேஸ்மட்டம் வைத்தோம். "எதுக்குங்க இவ்வளவு உயரம், வண்டி ஏத்த சிரமமா இருக்குமே" என்று அப்போது அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, இன்றைக்கு வாசலில் மிச்சம் இருப்பது அரை அடி.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் புதுச்சேரி பக்கம் கரையேறிவிட்டது, இனி தூறல்தான் என்று நினைத்துப் படுத்தோம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே யோசிக்காத ஊர் நம்முடையது, புயல் என்றால் டிவியில் பார்ப்பதுதான். விடிந்ததும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. என்றார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில். பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகளைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனதை நாடே பார்த்தது. எங்கள் வீட்டுக்குள் இரண்டரை அடி நின்றது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்த் தகரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தோம், கீழே பீரோ சாய்ந்து சுவரில் மோதும் சத்தம் ஒவ்வொரு முறையும் கேட்டது. இப்போதும் மேகம் கறுத்தால் சின்ன மகள் யாரும் சொல்லாமலே ஸ்கூல் பையைப் பரண் மேல் வைத்துவிடுகிறாள்.

ஐப்பசிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன், மூன்று பேரும் மூன்று விதம். ஒருவர் உள்ளே இரண்டு அடிக்குக் கிராவல் கொட்டித் தரையை ஏற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கலாம் என்கிறார். மூன்றாமவர் சுவருக்கு உள்பக்கம் நான்கு அடி உயரத்துக்கு வாட்டர்புரூஃப் கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார். என்னால் முடிந்தது 3 லட்சம், அதுவும் நகைக்கடன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடைக்கால் மேஸ்திரி எழுதியது:

தம்பி, யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். போச்சம்பள்ளி பக்கம் 27 வருடமாகக் கொத்துவேலை பார்க்கிறேன். தண்ணீர் வந்த வீடு என்று கூப்பிட்டால் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முதல் சொட்டு எங்கே வந்தது? இரண்டரை அடி நின்ற பிறகு எல்லா வீடும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் அரை மணி நேரத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டுக்குள் தண்ணீர் மூன்று வழியாக வரும். ஒன்று, வாசல்படி தாண்டி. இரண்டு, கக்கூஸ், பாத்ரூம் ஓட்டை வழியாக. தெருச் சாக்கடை நிரம்பினால் உங்கள் செப்டிக் டேங்கிலிருந்து வெளியே போகும் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி உள்ளே வரும், தண்ணீர் போகும் வழி வரும் வழியும்தான். மூன்று, அடியிலிருந்து. நம் பக்கம் மேலே நாலைந்து அடி செம்மண், அதற்குக் கீழே சுக்காம்பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மேலே பெய்த தண்ணீர் பாறையைத் தொட்டதும் இறங்க வழி இல்லாமல் பக்கவாட்டில் நகரும். மேட்டுப் பக்கம் ஏரியோ வயலோ இருந்தால் மழை விட்ட பிறகும் பத்து நாள் நகர்ந்துகொண்டே இருக்கும், நடுவில் உங்கள் கடைக்கால் நின்றால் அதில் ஏறித் தரை டைல்ஸ் ஜாயிண்டில் வந்து நிற்கும்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எதுவென்று தெரியாமல் செய்தால் 3 லட்சமும் தண்ணீரோடு போகும்.

இப்போது அந்த மூன்று யோசனைகள். தரையை 2 அடி ஏற்றினால் 10 அடிக் கூரை 8 அடி ஆகும், அது கூடப் பரவாயில்லை, 7 அடி நிலை 5 அடி ஆகிவிடும். எல்லா நிலையையும் பிடுங்கி, அதற்கு மேல் இருக்கும் லிண்டல் கான்கிரீட்டை உடைத்து ஏற்ற வேண்டும். ஜன்னல் முழங்காலுக்குக் கீழே வரும், சமையல் மேடையையும் புதிதாகப் போட வேண்டும். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொன்னாரா?

ஜாக்கி வேலை பொய்யில்லை, நம் மாநிலத்தில் நிறைய வீடுகளைத் தூக்கியிருக்கிறார்கள். ஆனால் தூக்குவது சுவரையும் கூரையையும்தான். தரை கீழேயே இருக்கும், அதைப் புதிதாக நிரப்பிப் போட வேண்டும், கக்கூஸ் குழாய், தண்ணீர் லைன், கரண்ட் லைன், படிக்கட்டு எல்லாம் திரும்ப. தூக்கும் கூலியை மட்டும் கேட்டுவிட்டு இறங்கியவர்கள் பாதியில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். பழைய கருங்கல் கட்டுமானத்தில் பிளிந்த் பீம் (கடைக்காலுக்கு மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) இல்லாவிட்டால் வேலை இன்னும் கூடும்.

கெமிக்கல் விஷயம் எனக்குக் கோபமே வருகிறது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறதோ அந்தப் பக்கம் பூச வேண்டும். வெளியே நிற்கும் தண்ணீருக்கு உள்ளே பூசினால் அது பின்னாலிருந்து தள்ளி, கொப்புளம் கொப்புளமாக உரித்துவிடும். அடுத்த சித்திரையிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் முக்கியம். தண்ணீரைத் தடுப்பது எவ்வளவு உயரம் வரை என்று ஒரு கணக்கு இருக்கிறது. 10 அடி நீளச் சுவருக்கு வெளியே 1 அடி தண்ணீர் நின்றால் சுமார் 140 கிலோ தள்ளும். 3 அடி நின்றால் மூன்று மடங்கு இல்லை தம்பி, ஒன்பது மடங்கு, ஏறக்குறைய ஒன்றேகால் டன். அதற்கு மேல் வெளியே ஏறிக்கொண்டே போனால் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுவதுதான் நல்லது. உள்ளேயும் வெளியேயும் சமமாக நின்றால் சுவர் பிழைக்கும். சாமான் போனால் வாங்கலாம்.

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். எது முதலில்?

வாணியாற்றங்கரை எழுதியது:

அண்ணா, நான் அரூர். எங்களுக்கு அன்று 33 செ.மீ., வீட்டுக்குள் ஒன்றரை அடி. கட்டட விஷயம் மேஸ்திரி அண்ணா சொல்லிவிட்டார், தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் செய்த தப்புகளை மட்டும் சொல்கிறேன், அவற்றில் இரண்டை நீங்களும் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதல் தப்பு, தை பிறக்கிறதே என்று பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். ஒன்றரை மாதம்தானே ஆகிறது, வெயிலும் நன்றாக அடித்தது, சுவர் தொட்டால் உலர்ந்தமாதிரிதான் இருந்தது. மாசி முடிவதற்குள் தரையிலிருந்து இரண்டு அடிக்கு உப்பு பூத்துப் பொரிந்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. செங்கல் சுவர் ஒரு இஞ்சுக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் காயும் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். 9 இஞ்ச் சுவர் என்றால் ஒன்பது மாதம். உங்கள் சுவர் காய்ந்ததா என்று பார்க்க ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரைச் சுவரில் நான்கு பக்கமும் இறுக்கமாக டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பெயிண்டுக் கடைப் பக்கமே போக வேண்டாம். நாங்கள் கடைசியில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேல் ஒரு அடி வரை பூச்சையே கொத்தி எடுத்து, செங்கல் தெரிய ஒரு கோடை முழுக்க விட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பூசியது இன்றுவரை நிற்கிறது.

இரண்டாவது, ஷெல்ஃபும் கட்டிலும் சாதாரண பிளைவுட்டில் திரும்பச் செய்துவிட்டோம். ஆடி மழைக்கே அடிப்பலகை ஊதிவிட்டது. கீழ் இரண்டு அடிக்குக் கடப்பா கல்லோ சிமெண்ட் பலகையோ வைத்துக்கொள்ளுங்கள், மரம்தான் வேண்டும் என்றால் 710 நம்பர் போட்ட மரைன் பிளைவுட் கேளுங்கள்.

தானியம். எங்கள் வீட்டில் கேழ்வரகு ஒரு மூட்டை கோணியில் சுவர் ஓரமாக இருந்தது. களேபரத்தில் அதை மறந்தே போனோம். நான்காம் நாள் ஒரு புளித்த வாசனை, கையை விட்டால் மூட்டை சுடுகிறது, வெளியே கோணி இடுக்கு முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. அத்தை அதைப் பார்த்து அழுத அழுகை வேறு எதற்கும் அழவில்லை. இப்போது கேழ்வரகு, அரிசி, புளி எல்லாம் மூடி போட்ட டிரம்மில், டிரம் பரணில்.

பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகள் மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கவரில் போட்டுப் பீரோ மேல்தட்டில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், உங்கள் பீரோவே சாய்ந்தது என்கிறீர்களே. எங்களுடையது இப்போது மாடியில், ஒரு எவர்சில்வர் தூக்கில்.

அப்புறம் பாம்பு. தண்ணீர் வடிந்து வீடு கழுவும்போது துணிமூட்டையை வெறுங்கையால் தூக்காதீர்கள். கம்பால் புரட்டிப் பாருங்கள். பிள்ளைகளை அன்று உள்ளே விடவே கூடாது.

ஊத்தங்கரைக்காரன் எழுதியது:

மேஸ்திரி அண்ணா, நீங்கள் சொன்னபடி நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டேன். இதுவரை நானாக வாசல் வழியாகத்தான் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நான் எழுந்தபோது வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மனைவி சொல்கிறாள், எனக்கு அரை மணி முன்பே அவள் விழித்துவிட்டாள், பாத்ரூமில் குபுகுபு என்று சத்தம், எலி விழுந்துவிட்டது என்று லைட் போட்டுப் பார்த்தால் கக்கூஸில் தண்ணீர் கொப்பளித்து விளிம்பு வரை நிற்கிறது. அப்போது ஹால் உலர்ந்து கிடந்தது. அப்புறம்தான் வாசல்.

அம்மா வேறொன்று சொன்னார்கள். தெருவில் தண்ணீர் செவ்வாய்க்கிழமையே வடிந்துவிட்டது, ஆனால் பின்பக்க அறையில் அவர்கள் பழைய புடவையைப் போட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார்களாம், காலையில் துடைத்தால் மதியம் மறுபடியும் டைல்ஸ் கோட்டில் ஈரம், இப்படிப் பதினோரு நாள். "அன்னைக்கே சொன்னேன், நீ ஏரித் தண்ணி இன்னும் உள்ள இருக்குதும்மான்னு போயிட்ட" என்றார்கள். அந்த அறை மேட்டுப் பக்கம், அதற்குப் பின்னால் ஒரு மாந்தோப்பு, அதற்கு மேல் ஏரிக்கரை.

அப்படியென்றால் எனக்கு மூன்று வழியிலும் வந்திருக்கிறதா? அக்கா, நீங்கள் சொன்ன இரண்டு தப்பையும் நான் செய்துவிட்டேன். பெயிண்ட் அடித்த பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் கவர் இன்றைக்கே ஒட்டிவிட்டேன்.

கடைக்கால் மேஸ்திரி எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாதி வேலையை அவர்களே முடித்துவிட்டார்கள்.

மூன்று வழியும்தான், ஆனால் ஒரே நாளில் மூன்றையும் செய்ய வேண்டியதில்லை. சின்ன மழைக்கும் வரக்கூடியது எதுவோ அதை முதலில் அடையுங்கள். அது கக்கூஸ். செப்டிக் டேங்கிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகும் குழாயைத் தோண்டிப் பார்த்து, அதில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்கள். கிணற்று மோட்டாரில் போடுவோமே அதே தத்துவம், தண்ணீர் வெளியே போகும்போது தகடு திறக்கும், திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். ஆனால் இது 4 இஞ்ச் கழிவுக் குழாய்க்கென்றே வருவது, கேட்டு வாங்குங்கள். கைவிட்டுச் சுத்தம் செய்ய மூடியோடு ஒரு சேம்பர் கட்டி அதற்குள் வையுங்கள். முடியும் குப்பையும் தகட்டில் மாட்டினால் அது மூடாது, ஆடியில் ஒரு முறை புரட்டாசியில் ஒரு முறை திறந்து கழுவ வேண்டும். பலர் புதைத்து மண் போட்டு மூடிவிடுகிறார்கள், அவசரத்துக்கு அது வேலை செய்யாது. டேங்க் மூடி தரைமட்டத்தில் இருந்தால் முக்கால் அடி உயர்த்தி ஓரம் பூசிவிடுங்கள், சம்ப் மூடியும் அப்படியே. மழைக்காலத்தில் நிலம் ஊறி நிற்கும்போது செப்டிக் டேங்கை முழுக்க உறிஞ்சிக் காலி செய்யாதீர்கள், வெளியிலிருந்து தண்ணீர் தள்ளி டேங்க் விரிசல் விட்டுவிடும்.

அன்று ராத்திரிக்கு ஒரு கைவைத்தியம்: கெட்டி பிளாஸ்டிக் பையில் மணலைப் பாதி நிரப்பி முடிச்சுப் போட்டுக் கக்கூஸ் பேசினில் அழுத்தி வைத்து மேலே ஒரு கல். பாத்ரூம் ஓட்டைக்கும் அப்படியே.

அடுத்து பின்பக்கம். உங்கள் சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, மேட்டுப் பக்கம் முழு நீளத்துக்கும் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால் தோண்டுங்கள். ஆழம் உங்கள் தரை மட்டத்துக்கு ஒரு அடி கீழே போனால் போதும், கடைக்கால் அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது, சுவர் இறங்கிவிடும். அடியில் ஓட்டை போட்ட 4 இஞ்ச் பிவிசி குழாய், ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்க, 10 அடிக்கு ஒரு இஞ்ச் சரிவு. சுற்றிலும் முக்கால் இஞ்ச் ஜல்லி. மண் வந்து அடைக்காமல் ஜல்லியைச் சுற்றி வடிகட்டித் துணி கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஜல்லிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா, கிரஷர் இல்லாத பக்கமே இல்லை. இதன் வாய் எங்கே திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்த் தாழ்வான மூலையில் வெளியேற வேண்டும். தண்ணீரைத் தடுக்க வேண்டாம், உங்கள் வீட்டைத் தொடாமல் போக வழி விட்டால் போதும்.

மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். 850 சதுர அடி மாடியில் 50 செ.மீ. என்றால் 39 ஆயிரம் லிட்டர், மூன்று லாரிக்கு மேல். அவ்வளவையும் குழாய் வழியாகக் கடைக்கால் ஓரத்திலேயே கொட்டிவிட்டுச் சுவரில் ஓதம் (ஈரம்) ஏறுகிறது என்றால் எப்படி?

கடைசியாக வாசல். ஏரி மதகில் பலகை இறக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதுதான். நிலைக்கு வெளியே இரண்டு பக்கமும் சி வடிவ இரும்புச் சேனல் அடித்து, ஒன்றரை அடி உயரத்துக்கு மரைன் பிளைவுட் பலகையை மேலிருந்து இறக்க வேண்டும். சேனலிலும் பலகை அடியிலும் ரப்பர் பீடிங். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. மழை இல்லாத நாளில் இறக்கி, வெளியே ஹோஸ் பிடித்துச் சோதித்துப் பாருங்கள். மணல் மூட்டை வைப்பதாக இருந்தால் முழுக்க நிரப்பாதீர்கள், பாதிக்குக் கொஞ்சம் மேல், அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று படியும். செங்கல் கட்டுவது போல ஜாயிண்ட் மாற்றி அடுக்கி, வெளிப்பக்கம் தார்ப்பாய் விரித்து அதன் நுனியை அடி மூட்டைக்குக் கீழே மடித்துவிடுங்கள்.

இத்தனையும் சேர்ந்து உங்கள் 3 லட்சத்தில் பாதியைத் தாண்டாது என்று நினைக்கிறேன், அளவு பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஏரிக்கோடி எழுதியது:

மேஸ்திரி சொல்வது அத்தனையும் சரி, ஆனால் வீட்டுக்குள்ளேயே நின்று பேசுகிறோம். நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். அந்த மனைப்பிரிவின் புல வரைபடத்தை ஆன்லைனில் எடுத்துப் பாருங்கள், பட்டா எடுக்கும் அதே அரசுத் தளத்தில் எஃப்எம்பி கிடைக்கும். உங்கள் சர்வே எண் மட்டும் போதாது, ஏரியிலிருந்து உங்கள் வீடு வரை நடுவில் வரும் எண்கள் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பி வழியும் கோடியிலிருந்து இறங்கும் ஓடை ஒரு எண்ணில் இரட்டைக் கோடாகப் போய்க்கொண்டிருக்கும், அடுத்த எண்ணில் மனைக்கு நடுவே புகும். கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது என்ன வகைப்பாடு என்று இருக்கும்: ஓடை, வாய்க்கால், பாதை. தரையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு காம்பவுண்டோ, ஒரு அடி விட்டமுள்ள ஒற்றைக் குழாயோ இருக்கும். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு அதுதான் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு.

ஏரியின் நீர்வழியை மீட்க 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது. தெருவாகச் சேர்ந்து வரைபட நகலோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். தனி ஆளாகப் போவதும் இருபது குடும்பம் கையெழுத்துப் போட்டுப் போவதும் ஒன்றில்லை. ரோடு உயரும் விஷயத்தையும் அதே மனுவில் எழுதுங்கள், பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது அடுக்கு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார்.

மேஸ்திரியிடம் ஒரு வருத்தம். பலகை, மணல் மூட்டை எல்லாம் சரி, காம்பவுண்டைச் சுற்றி அடைத்துவிடாதே என்றும் சொல்லியிருக்கலாம். ஓடை போகிற வழியில் ஒருவர் காம்பவுண்டை உயர்த்திக் கட்டினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக் கிழவியின் தலையில் விழுகிறது. நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைக்கால் மேஸ்திரி எழுதியது:

ஐயா சொல்வது நியாயம், நான் சொல்லாமல் விட்டது தப்பு. காம்பவுண்டில் அடிமட்டத்தில் ஆறு அடிக்கு ஒரு ஓட்டை விடுங்கள் தம்பி, இரும்பு வலை வைத்து. வீட்டுச் சுவரில்தான் அடைப்பு, மனை வழியாகத் தண்ணீர் போகட்டும்.

காவேரிப்பட்டணம் ஒயர்மேன் எழுதியது:

எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர். கேஆர்பி டேமில் ஷட்டர் திறக்கும் முன்பு தென்பெண்ணைக் கரைக்குத் தண்டோரா, மைக், போன் எல்லாம் வந்துவிடும், சாமானை ஏற்ற நேரம் கிடைக்கும். உங்களுக்கு ஏரித் தண்ணீர், சொல்லிவிட்டு வராது. அதனால் கரண்ட் விஷயத்தை இப்போதே செய்துவிடுங்கள்.

தரைக்கு ஒரு அடி உயரத்தில் இருக்கும் பிளக் பாயிண்டுகளை எல்லாம் நாலரை அடிக்கு ஏற்றுங்கள். கீழ் பாயிண்ட் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் அதற்குத் தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்). மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் ஸ்விட்ச்) கட்டாயம் வேண்டும், ஈரத்தில் லீக் ஆனால் அது ஒன்றுதான் ஆளைக் காப்பாற்றும், மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கிணற்று மோட்டாருக்குப் பார்க்கிறோம், வீட்டுக்குப் பார்ப்பதில்லை.

வாசலில் தண்ணீர் ஏறும்போதே மெயினை ஆஃப் செய்யுங்கள். உள்ளே தண்ணீர் வந்த பிறகு, நின்றுகொண்டு கை வைக்காதீர்கள், மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குப் போன் போட்டுக் கம்பத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

வடிந்த பிறகு போர்டு காய்ந்துவிட்டது என்று போட்டுவிடாதீர்கள். சுவருக்குள் போகும் பைப்பில் தண்ணீர் தங்கும். அந்த டிசம்பரில் ஒரு வீட்டில் மூன்று வாரம் கழித்து ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றினேன், ஒயரை இழுத்ததும் பைப்பிலிருந்து அரை சொம்பு கலங்கல் தண்ணீர் என் கையில் ஊற்றியது. அந்த வீட்டில் அதுவரை அந்த லைனில் மிக்ஸி ஓட்டியிருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எதையும் மெக்கானிக் பார்க்காமல் போடக் கூடாது. நனைந்த பைக்கையும் கிக் அடித்துப் பார்க்காதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் எஞ்சின் பழுதாகலாம்.

தர்மபுரி டவுன் எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வீட்டு இன்சூரன்ஸ். பாரத் கிருஹ ரக்ஷா என்று 2021 ஏப்ரலிலிருந்து எல்லா பொதுக் காப்பீட்டு கம்பெனியும் கொடுக்க வேண்டிய ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. வெள்ளம், புயல் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். மழை அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே எடுங்கள். எடுத்த அன்றே ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், கிளெய்முக்கு உதவும்.

ஊத்தங்கரைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் பதில் தராமல் இருந்தேன், மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது.

செய்தவை: கக்கூஸ் லைனுக்கு வால்வும் சேம்பரும். பின்பக்கம் 32 அடிக்கு ஜல்லி வாய்க்கால். தோண்டும்போது மூன்றாவது அடியிலேயே சுக்காம்பாறை தட்டியது, அதன் மேல் மண் இந்த வெயிலிலும் சில்லென்று ஈரமாக இருந்தது, கையில் பிடித்தால் உருண்டை நின்றது. அம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். மாடிக் குழாய்களைத் திருப்பி ஒன்றை சம்புக்கும் ஒன்றை வாசல் பக்கமும் விட்டாயிற்று. பிளக் பாயிண்ட் ஏற்றியாயிற்று. சுவரில் ஒட்டிய கவர் வியர்த்தது, அதனால் பூச்சைக் கொத்திவிட்டோம். வாசல் பலகை அடுத்த வாரம் வரும். புல வரைபடம் எடுத்தேன் ஐயா, நீங்கள் சொன்ன இரட்டைக் கோடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு மேலேயே நின்றுவிடுகிறது. இதுவரை 14 குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

முந்தாநாள் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அடித்துப் பெய்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர். மனைவியும் நானும் டார்ச்சோடு பாத்ரூமில்தான் நின்றோம். கக்கூஸில் ஒரு சொட்டு ஏறவில்லை. ஜல்லி வாய்க்கால் வாயில் விரல் தடிமனுக்கு வர ஆரம்பித்து, மழை விட்டு நேற்று முழுக்கக் கலங்கல் இல்லாமல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவும் எங்கள் தரைக்கு அடியில் வந்துகொண்டிருந்ததா என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஒரே ஒரு இடம் மட்டும். பின் அறையில் சமையலறைச் சுவரோடு சேரும் மூலை, அங்கே மட்டும் உள்ளங்கை அளவு ஈரம். மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்கிறது. வாய்க்கால் பத்தவில்லையா அண்ணா?

கடைக்கால் மேஸ்திரி எழுதியது:

வாய்க்கால் பத்தவில்லை என்றால் நீளவாக்கில் ஈரம் வரும், ஒரு உள்ளங்கை அளவு வராது. அந்த மூலையில் ஏதாவது குழாய் சுவரைத் தாண்டி வெளியே போகிறதா? சமையலறைச் சிங்க் தண்ணீரா, சம்ப் லைனா?

ஊத்தங்கரைக்காரன் எழுதியது:

சிங்க் குழாய் அந்த வழியாகத்தான் போகிறது. 2011-ல் போட்டது.

கடைக்கால் மேஸ்திரி எழுதியது:

அதேதான். சுவரைக் குடைந்து குழாயை விட்டுச் சுற்றிலும் சிமெண்ட் அப்பியிருப்பார்கள், குழாய் வெயிலுக்கு நீண்டு சுருங்கி அந்தச் சிமெண்ட் விட்டிருக்கும், மண்ணிலிருக்கும் தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். வெளிப்பக்கமிருந்து தோண்டிப் பாருங்கள், உள்ளே கை வைக்க வேண்டாம். குழாயைச் சுற்றி இருப்பதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு சைஸ் பெரிய பைப் துண்டை ஸ்லீவாகப் போட்டு, இடைவெளியில் சுருங்காத கிரவுட்டும் (இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கலவை) அதன் மேல் வெளிமுகத்தில் சீலன்டும் அடையுங்கள். தோண்டியதும் மண்ணை மூடாமல் ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஊத்தங்கரைக்காரன் எழுதியது:

சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை தோண்டுகிறேன்.